கிருமி மருந்துக்குப் பழகிவிடுகிறதா?

திருவையாறு உழவர்: சம்பாவில் பாக்டீரியா இலைக்கருகல் கண்டபோதெல்லாம் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியைக் கரைத்துத் தெளித்து வந்தேன். முதலிரண்டு ஆண்டுகள் நோய் அடங்கியது, இப்போது அடங்குவதில்லை. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது என்பதே என் முடிவு.

குடந்தை மாணவி: ஐயா, 'பழகிவிட்டது' என்பதை நான் ஏற்கவில்லை. 1943-இல் லூரியா, டெல்பிரூக் என்னும் இரு அறிவியலாளர்கள் ஒரே பாக்டீரியாவைப் பல குழாய்களில் தனித்தனியே வளர்த்து, அதைக் கொல்லும் வைரசின்மீது பரப்பிப் பார்த்தார்கள். வைரசைக் கண்ட பிறகுதான் எதிர்ப்பு தோன்றும் என்றால் எல்லாக் குழாய்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் பிழைத்திருக்க வேண்டும். ஆனால் பல குழாய்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, சிலவற்றிலோ நூற்றுக்கும் மேல் மிஞ்சின. மரபணு மாற்றம் தற்செயலாக முன்பே நிகழ்ந்திருந்தது என்பதே இதன் பொருள். ஸ்ட்ரெப்டோமைசின் விஷயத்தில், செல்லுக்குள் புரதம் செய்யும் பட்டறையான ரைபோசோமின் ஒரு புரதத்துக்கான மரபணுவில், டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து மாறினாலே போதும்.

திருவையாறு உழவர்: முன்பே இருந்தது என்றால், நான் தெளித்ததில் என்ன குற்றம் அம்மா?

குடந்தை மாணவி: களையெடுக்கையில் நெற்பயிரைப் போலவே தோன்றும் குதிரைவாலிப் புல் கைக்குத் தப்பிவிடுவதை நீங்களே கண்டிருப்பீர்கள். களையெடுப்பு அதை உண்டாக்கவில்லை. போட்டிக்கு நின்ற மற்றக் களைகளை அகற்றி, வயலை அதனிடம் ஒப்படைக்கிறது.

நாகை மருந்தாளுநர்: உவமை அழகுதான், ஆனால் பாதியோடு நிற்கிறது. குதிரைவாலி தன் குணத்தைப் பக்கத்துக் கோரைக்குக் கொடுக்காது, பாக்டீரியா கொடுக்கும். ஜப்பானில் 1950-களில் சீதபேதிக் கிருமி நான்கு மருந்துகளுக்கு ஒருசேர எதிர்ப்புக் காட்டியது. அவற்றில் இரண்டு, ஐயா தெளித்த அதே ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும். அந்த எதிர்ப்பு பிளாஸ்மிட் என்னும் வளைய டி.என்.ஏ.வில் அமர்ந்து, ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவிலிருந்து சீதபேதிக் கிருமிக்குத் தாவக்கூடியது என்பது பின்னர் தெரியவந்தது. மேலும், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்து பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும்போது, பிழை மலிந்த பழுதுபார்ப்பு தூண்டப்பட்டு மாற்றங்களின் வேகமே கூடுகிறது. மருந்து வெறுமனே தேர்ந்தெடுக்கிறது என்பதும் முழு உண்மையல்ல.

குடந்தை மாணவி: வேகம் கூடுவதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போதும் எந்த எழுத்து மாறும் என்பதை மருந்து முடிவுசெய்வதில்லையே. அதனால் 'பழக்கம்' என்ற சொல் இன்னும் பொருந்தாது.

நாகை மருந்தாளுநர்: அது சரி. ஐயா, ஒரு சந்தேகம்: மருந்து கேட்காதது எதிர்ப்பினால்தானா? யூரியாவை மிகுதியாக இட்ட வயலிலும் கருகல் கட்டுக்கடங்காது. கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தாலொழிய எதிர்ப்பு என்று சொல்ல இயலாது.

திருவையாறு உழவர்: யூரியா இரண்டு மூட்டை கூடுதலாகத்தான் போட்டேன். இந்தச் சம்பாவில் அதைக் குறைத்து, பொடிக்குப் பதிலாகச் சாணக் கரைசலைத் தெளித்துப் பார்க்கிறேன்.