நடுகல் குறிப்புகளைக் கைபேசியிலும் கணினியிலும் ஒன்றாக வைத்திருத்தல்: களப்பணியாளர் அனுபவங்கள்

ஊத்தங்கரை உறுப்பினர்:

ஊத்தங்கரை, அரூர் வட்டாரங்களில் இறந்த வீரர்களின் நினைவாக நடப்பட்ட நடுகற்களைத் தேடிப் பதிவு செய்யும் சிறு குழுவில் நானும் ஒருவன். எங்கள் பக்கத்தில் பல நடுகற்களை ஊரார் வேடியப்பன் என்றே வணங்குவதால், கல்வெட்டு எங்கே என்று விசாரிப்பதைவிட வேடியப்பன் கோவில் எங்கே என்று கேட்டால்தான் வழி கிடைக்கும். அப்படிக் காட்டப்படும் இடமோ பெரும்பாலும் கரட்டோரமாகவோ காட்டை ஒட்டிய கொல்லையாகவோ இருக்கும். அங்கே சிக்னலை எதிர்பார்ப்பது வீண். முதலில் நாங்கள் வைத்திருந்த செயலி கைபேசியில் தலைப்புகளை மட்டும் காட்டிவிட்டு, குறிப்பைத் திறக்க இணையம் கேட்டது. சென்ற முறை படித்த வாசகத்தைக் கல்லின் முன் நின்று எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டிய நேரத்தில் அது எதற்கும் உதவவில்லை.

இப்போது ஜாப்ளின் பயன்படுத்துகிறோம். இது இலவசமான திறமூலச் செயலி. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் இயங்குகிறது. குறிப்புகள் அந்தந்தக் கருவியிலேயே சேமிக்கப்பட்டு, டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட் போன்ற மேகச் சேமிப்புகளில் ஏதேனும் ஒன்றின் வழியாகப் பின்னர் ஒத்திசைகின்றன. வைஃபை கிடைக்கும்போது மட்டும் ஒத்திசைக்குமாறு கைபேசியில் அமைத்துவிட்டால் டேட்டாவும் கரையாது.

களத்தில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். குறிப்பை உருவாக்கும் இடத்தின் அகலாங்கு நெட்டாங்கைக் கைபேசியிலுள்ள ஜாப்ளின், அதற்கான அமைப்பு இயக்கத்தில் இருந்தால், தானாகப் பதிந்துகொள்ளும். ஆகவே புதிய குறிப்பைக் கல்லின் அருகில் நின்றே தொடங்க வேண்டும், வீட்டுக்கு வந்து தொடங்கினால் வீட்டின் இடம்தான் பதிவாகும். அடுத்தது படம். பெரிய படத்தை இணைக்கும்போது அதை 1920 பிக்சலுக்குச் சுருக்கலாமா என்று செயலி கேட்கும். வீரனின் உருவம் தெரிந்தால் போதுமென்றால் சுருக்கலாம். தேய்ந்துபோன வட்டெழுத்தை, அதாவது பழைய தமிழ் எழுத்து வடிவத்தைச் சாய்வெயிலில் எடுத்த படமாக இருந்தால் வேண்டாம் என்றுதான் அழுத்த வேண்டும், ஏனென்றால் கீறலையும் எழுத்தையும் பிரித்துக் காட்டுவது அந்த நுண்மைதான்.

எல்லாவற்றையும்விட எங்களைத் திணறடித்தது தமிழ்த் தேடல். நடுகல் வாசகங்களில் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையைக் குறிக்கும் ‘தொறு’ என்ற சொல் அடிக்கடி வரும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிச் சேர்த்த குறிப்புகள் சில, கைபேசியில் அந்தச் சொல்லைத் தட்டித் தேடியபோது அகப்படவேயில்லை. கண்ணால் பார்த்தால் அதே சொல் அங்கே இருக்கிறது. காரணம் இதுதான்: ஒகரக் குறியை ஒருங்குறியில் (யூனிகோடு) ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டு குறியெண்களாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது. ஆனால் தேடும் நிரல் அவற்றைச் சமப்படுத்தாவிட்டால் திரையில் ஒன்றாகத் தெரிவது தேடலில் வேறாகிவிடும். பல்லவர் காலக் கற்களில் தொடக்கமாக வரும் ‘கோவிசைய’ என்பதற்கும் ஓகாரத்தினால் இதே கதிதான். கணினியில் பிரிந்து நிற்கும் குறிகளைத் தேடி ஒற்றைக் குறியாக மாற்றி, எல்லாக் குறிப்புகளையும் ஒரே சீராக்கிய பிறகே தேடல் நம்பத்தக்கதாயிற்று. தமிழில் நிறையக் குறிப்பெழுதுவோர் எந்தச் செயலியைத் தேர்ந்தாலும் இந்தச் சோதனையை முதல் நாளிலேயே செய்துவிடுவது நல்லது.

தருமபுரி உறுப்பினர்:

ஊத்தங்கரை ஐயா எழுதியதோடு முரண்பாடு பற்றியும் சேர்க்க விரும்புகிறேன். ஒரே குறிப்பைக் கைபேசியிலும் கணினியிலும் தனித்தனியே திருத்திவிட்டுப் பிறகு ஒத்திசைத்தால், ஜாப்ளின் மேகத்தில் உள்ள வடிவத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கருவியில் எழுதியதை முரண்பாடுகளுக்கென உள்ள தனி ஏட்டில் (நோட்புக்) போட்டுவைக்கும். எழுத்து தொலையாது, ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து இணைக்கும் வேலை நம் தலையில் விழும். தருமபுரி அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கும்போது நானும் என் தம்பியும் ஒரே கணக்கில் எழுதுவதால், ஒவ்வொரு வருகைக்கும் ஆளுக்கொரு புதிய குறிப்பு, பழைய குறிப்புக்கு உள்ளே ஓர் இணைப்பு என்று வைத்துக்கொண்டோம். அதன் பின் முரண்பாட்டு ஏடு காலியாகவே கிடக்கிறது.

ஒத்திசைவைக் காப்புப்படி என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. ஒரு கருவியில் அழித்தால் எல்லாக் கருவிகளிலும் அழியும். ஆகவே கணினியிலிருந்து மொத்த ஏட்டையும் அவ்வப்போது ஏற்றுமதி செய்து பென்டிரைவில் தனியே வைக்கிறோம்.

ஓசூர் உறுப்பினர்:

நான் மல்லச்சந்திரத்தில் பலகைக் கற்களை நிறுத்தி எழுப்பிய பழங்கால ஈமச் சின்னங்களான கற்திட்டைகளை வரைந்து பதிவு செய்பவன். பலகைக் கற்கள் சாய்ந்திருக்கும் கோணத்தையும் பலகையில் குடைந்த இடுதுளையின் இடத்தையும் டேப்லெட்டில் பேனாவால் வரைய எனக்கு மைக்ரோசாஃப்டின் ஒன்நோட்தான் கைக்கு வசதி. அதன் ஏடுகள் சேமிக்கப்படும் ஒன்டிரைவ், இலவசக் கணக்கில் 5 ஜிபி தருகிறது. தட்டச்சு செய்யும் உரைக்கு ஜாப்ளினே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எந்த நிறுவனத்தின் இலவசத் திட்டமும் நிலையானதன்று என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். எவர்நோட் என்ற குறிப்புச் செயலி 2023 டிசம்பரில் இலவசக் கணக்கை 50 குறிப்புகள், ஒரே ஏடு என்று வரையறுத்தது. அதற்கு முன் சேர்த்திருந்தவற்றைப் பார்க்கவும் ஏற்றுமதி செய்யவும் தடையில்லை, புதியதைச் சேர்க்கத்தான் முடியாது. அந்த ஏற்றுமதிக் கோப்பை ஜாப்ளின் நேரடியாக ஏற்றுக்கொள்கிறது என்பதால் அங்கிருந்து வருவோருக்குச் சிரமம் குறைவு.

இன்னொரு வேண்டுகோள். குறிப்புகளைப் பிறரோடு பகிரும்போது அகலாங்கு நெட்டாங்கை நீக்கிவிட்டு ஊர்ப்பெயரோடு நிறுத்துங்கள். காவலில்லாத கற்களும் திட்டைகளும் நம் மாவட்டங்களில் ஏராளம், புதையல் தோண்டுவோரும் இருக்கிறார்கள். துல்லியமான இடம் தொல்லியல் துறைக்கு அனுப்பும் கடிதத்தில் இருந்தால் போதும்.