மறு: ஆணித் துப்பாக்கியா, ஆணியடிப்பானா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மரச் சட்டக வீடுகளைத் தாமே கட்டுவோருக்கும் பழுதுபார்ப்போருக்கும் உரிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதனால், ஆணிகளை மரத்தில் விரைந்து இறக்கும் ‘நெயில் கன்’ (nail gun) கருவிக்கு இங்கே முன்மொழியப்பட்ட ஆணித் துப்பாக்கி, ஆணிப்பொறி, ஆணியடிப்பான் முதலிய சொற்கள் அனைத்தையும் வாக்கியத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

> ‘ஆணித் துப்பாக்கி’ என்றால் எவருக்கும் உடனே புரியும். வேறு சொல் எதற்கு?

புரியும் என்பது உண்மைதான். ஆனால் துப்பாக்கி, விசையை இழுத்தால் சுடும். காற்றழுத்தத்தில் இயங்கும் இக்கருவியோ, தன் மூக்கு மரத்தின் மீது அழுந்தினாலன்றி ஆணியை விடாதபடி அமைக்கப்பட்டது. மேலும், கான்கிரீட்டில் ஆணி இறக்குவதற்கு, மருந்துத் தோட்டாவை மெய்யாகவே வெடிக்கச் செய்து இயங்கும் வேறொரு கருவி இருக்கிறது. தனிப் பயிற்சி பெற்றவரே அதைத் தொடலாம். துப்பாக்கி என்ற சொல்லை அதற்கென ஒதுக்கி, ‘வெடியாணித் துப்பாக்கி’ எனலாம். ‘ஆணிப்பொறி’ எனக்கு எலிப்பொறியை நினைவூட்டுகிறது. மருந்து தெளிப்பான் என்று உழவர் சொல்லும் அதே வாய்பாட்டில் ‘ஆணியடிப்பான்’ இயல்பாக அமைகிறது. காற்று ஆணியடிப்பான், மின்கல ஆணியடிப்பான், சட்டக ஆணியடிப்பான் என்று அடைமொழிகளையும் தடையின்றி ஏற்கிறது. சுத்தியலும் ஆணிதானே அடிக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சுத்தியலுக்கு ஏற்கெனவே பெயர் இருப்பதால் குழப்பம் நேராது.

நான் முதன்மையாகச் சொல்ல வந்தது வேறு. கருவியின் பெயரில் நாம் காட்டும் அக்கறையை அதன் விசை வகைகளின் பெயரிலும் காட்ட வேண்டும். ஏனெனில் காயம் படுவதும் படாததும் பெரிதும் அங்கேதான் தீர்மானமாகிறது. ஒரு வகையில் முதலில் மூக்கை மரத்தில் அழுத்தி, பிறகு விசையை இழுக்க வேண்டும். ஓர் ஆணி இறங்கும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டுவிட்டு மீண்டும் அதே வரிசையில் தொடங்க வேண்டும். மற்றொரு வகையில் விசையை இழுத்துப் பிடித்தபடியே மூக்கால் தட்டிக்கொண்டு போனால், ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் ஆணி பாயும். தரைப் பலகையும் கூரைப் பலகையும் அடிப்போர் வேகம் கருதி இதை விரும்புகின்றனர். கருவி பின்னுதைத்து மீண்டும் மரத்தைத் தொட்டால் கேட்காமலே இரண்டாம் ஆணி வருவதும் இந்த வகையில்தான்.

முதல் வகைக்கு இக்குழுமத்தில் ‘தொடர்விசை’ என்ற சொல் முன்வைக்கப்பட்டது. அதைத் திரும்பப் பெறுமாறு பணிவுடன், ஆனால் அழுத்தமாக வேண்டுகிறேன். வரிசைமுறை என்ற பொருளில்தான் அதை ஆக்கினார்கள். ஆனால் ‘தொடர்’ என்றதும் தமிழர் காதில் விழுவது விடாமல் நிகழ்தல் என்பதே. தொடர்மழை, தொடர்வண்டி என்று பழகியவர், தொடர்விசை என்றால் விடாமல் அடிக்கும் விசை என்றே கொள்வார். பாதுகாப்பான வகை என்று எண்ணி ஆபத்தான வகையை வாங்குவார். இரண்டாம் வகைக்குச் சொல்லப்பட்ட ‘தொடுவிசை’யும் ஒலியில் அதனோடு ஒட்டி நிற்கிறது. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை, இக்கருவியால் காயமுற்று அவசரச் சிகிச்சைக்கு வந்தோர் ஆண்டுக்கு ஏறத்தாழ 37,000 பேர் என மதிப்பிடப்பட்டது. அந்நாட்டு அரசின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்புகளான ஓஷாவும் (OSHA) நையோஷும் (NIOSH) 2011-இல் வெளியிட்ட கட்டுமானர் வழிகாட்டி, தட்டி அடிக்கும் இரண்டாம் வகை விசையில் காயமுறும் வாய்ப்பு முதல் வகையைப்போல் இரு மடங்கு என்கிறது. ஓரிரு எழுத்து வேறுபாட்டை நம்பி இவற்றைப் பிரித்துக்காட்ட முயல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே முதல் வகைக்கு ‘ஓராணி விசை’, இரண்டாவதற்கு ‘தொட்டடி விசை’ என்று முன்மொழிகிறேன். மூக்கு முனையில் உள்ள பாதுகாப்பு அமைப்பை ‘மூக்குப்பூட்டு’ எனலாம்.

> கேஜ் என்பதற்குப் ‘பருமன் எண்’ பொருந்துமா?

ஆணியின் தடிமனைச் சொல்லும் எண்தான் கேஜ் என்றாலும், அச்சொல் பொருந்தாது; தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படும். நிலைச் சட்டத்தைச் சுற்றிய அலங்காரப் பட்டைக்கு 15 அல்லது 16 கேஜ், சிறு பீடிங்குக்கு 18 கேஜ், பசை காயும்வரை பிடித்துக்கொள்ளத் தலையற்ற 23 கேஜ் என்று எண் ஏற ஏற ஆணி மெலிகிறது. கம்பிக்கும் தகட்டுக்கும் கேஜ் என்றே தொழிலாளர் வழங்குவதால், அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

கையேட்டின் ஒரு பத்தியில் இச்சொற்களைப் பொருத்திப் பார்த்தேன்:

“முதன்முறை வாங்குவோர் ஓராணி விசை உள்ள ஆணியடிப்பானையே தேர்ந்தெடுக்க வேண்டும். மூக்குப்பூட்டைக் கழற்றவோ கட்டிவைக்கவோ கூடாது. சிக்கிய ஆணியை எடுக்குமுன் காற்றுக் குழாயைக் கழற்ற வேண்டும். மரத்தைப் பிடிக்கும் கை, ஆணி இறங்கும் இடத்திலிருந்து ஒரு முழமாவது தள்ளியிருக்க வேண்டும்.”

‘தொட்டடி’ என்பது பேச்சுவழக்குச் சாயலில் இருப்பதாக எவரேனும் கருதினால், அதே தெளிவு கெடாத மாற்றுச் சொல்லை எழுதியனுப்புங்கள். அடுத்த பகுதியைத் தொடங்குமுன் திருத்திக்கொள்வேன்.

அன்புடன்.