கிணற்றுத் தண்ணீரும் கேஸ் கிணறும்: உங்கள் ஊரில் நடந்ததைச் சொல்லுங்கள்

பென்சில்வேனியாக்காரி:
நாங்கள் இருப்பது மாநிலத்தின் வடகிழக்கு மூலை, டிமாக் ஊரிலிருந்து கொஞ்ச தூரம். 2009 புத்தாண்டு அன்று மீத்தேன் கேஸ் சேர்ந்து ஒரு வீட்டுத் தண்ணீர்க் கிணறு வெடித்ததே, அந்த டிமாக்தான். இங்கே குழாய்த் தண்ணீர் கிடையாது, வீட்டுக்கு வீடு போர்வெல்தான், அதைச் சோதிப்பதும் நம் பாடு, அரசு எட்டிப் பார்க்காது. பக்கத்து நிலத்தில் ஃப்ராக்கிங் (தண்ணீரை அழுத்தி ஆழத்துப் பாறையைப் பிளந்து கேஸ் எடுப்பது) வருகிறது என்றதும் கம்பெனி சார்பில் லேப் ஆள் ஒருவர் வந்து இலவசமாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். தாராள மனசு என்று நினைக்காதீர்கள். 2012ல் வந்த எங்கள் மாநிலச் சட்டம் ஆக்ட் 13 படி, கேஸ் கிணற்றுக்கு 2,500 அடிக்குள் இருக்கும் குடிநீர் ஒரு வருடத்துக்குள் கெட்டால் கம்பெனிதான் காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள், அதனால் ‘முன்னாடியே அப்படித்தான் இருந்தது’ என்று காட்ட அவர்களுக்கு ஒரு ரிப்போர்ட் வேண்டும். நாங்களும் நகல் கேட்டு வாங்கினோம். பார்த்தால், தோண்டுவதற்கு முன்பே எங்கள் தண்ணீரில் கொஞ்சம் மீத்தேன்! இந்தப் பக்கம் அது இயற்கையாகவே உண்டு. சரி, எதற்கும் இருக்கட்டும் என்று சொந்தக் காசில் வேறு லேபிலும் பார்த்து வைத்திருக்கிறோம்.

பழைய சிமெண்டிங் ஆள்:
டெக்சாஸில் கேஸ் கிணறுகளுக்குச் சிமெண்ட் இறக்கும் வேலைதான் பார்த்தேன். எல்லாரும் ஆழத்தில் பாறை பிளப்பதையே பேசுகிறார்கள். குடிநீர் சில நூறு அடியில், பிளக்கும் பாறை பல ஆயிரம் அடியில். எனக்குப் பயம் அதில்லை, கிணற்றுக்குள் இறக்கும் இரும்புக் குழாயை, அதாவது கேசிங் பைப்பைச் சுற்றி நாங்கள் இறக்கும் சிமெண்ட்தான். அதில் இடைவெளி விழுந்தால் நடுமட்டத்தில் இருக்கும் கேஸ்கூட அந்த வழியே மேலே ஏறிவிடும். அப்புறம் கிணற்றிலிருந்து திரும்பி வரும் உப்புத் தண்ணீர், லாரியில் சிந்துவது, குழியில் கசிவது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இ.பி.ஏ.வின் 2016 அறிக்கையும் இந்த மாதிரி இடங்களைத்தான் காட்டியது.

கும்பகோணத்தான்:
எங்கள் பக்கம் கதை வேறு. மன்னார்குடி மீத்தேன் திட்டத்தில் பெரிய பயமே தண்ணீரை இறைப்பதுதான். நிலக்கரிப் படுகையில் அழுத்தம் குறைந்தால்தான் கேஸ் பிரியும், அதற்கு முதலில் அங்கிருக்கும் தண்ணீரை உறிஞ்சியாக வேண்டும், கடலோர டெல்டாவில் அப்படி உறிஞ்சினால் உப்பு உள்ளே வராமல் என்ன செய்யும்? 2013ல் மாநில அரசு அதை நிறுத்தியது, 2020 வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், கேஸ் கிணறுகளுக்குத் தடை போட்டது. பழைய எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை. 2017 ஜூன் 30 கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியதற்கு அப்புறம் நான் அங்கே போயிருந்தேன். அடிபம்புத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று பாட்டிலில் பிடித்துக் காட்டினார்கள். முன்பு எப்படி இருந்தது என்பதற்குத்தான் ஒருவரிடமும் காகிதம் இல்லை. அக்கா, மீத்தேன் பார்க்கத் தண்ணீரை எப்படிப் பிடிக்க வேண்டும்?

பென்சில்வேனியாக்காரி:
லேப் தரும் குப்பியில் மட்டும் பிடியுங்கள் தம்பி. குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும், காற்றுக்கு இடம் விட்டால் கேஸ் பிரிந்து போய்விடும், ரிப்போர்ட்டில் குறைவாகக் காட்டும்.