ஜூனியர் ஐஸ் ஹொக்கி: ஒரு சீசன் முழுக்கக் கூட இருந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒஷாவா வாசி:

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஒஷாவா எங்கள் ஊர். வீட்டிலிருந்து ஹொக்கி அரங்கத்துக்குக் காரில் பத்து நிமிடம். பத்தொன்பது வருடம் இந்த ஊரில் இருந்தும் 2024 ஒக்ரோபர் வரை நான் அதற்குள் போனதில்லை. ஹொக்கி என்றால் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ்தான், அந்த ரிக்கெற் விலை நமக்குக் கட்டாது என்று விட்டுவிட்டிருந்தேன். மகளுக்குப் பதினொரு வயது. கூடப் படிக்கிற பிள்ளையின் வீட்டில் இரண்டு ரிக்கெற் மிஞ்சிவிட்டது என்று கொண்டுவந்து நீட்டினாள். சரி, ஒரு நாள்தானே என்று கூட்டிக்கொண்டு போனேன். அந்தச் சீசனில் இங்கே நடந்த 34 ஆட்டங்களில் 21க்குப் போய்விட்டோம்.

முதலில் என்னைப் பிடித்தது சத்தம். பக் என்பது ஏறத்தாழ 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு. துள்ளாமல் வழுக்கிப் போகவேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே அதை உறைய வைத்து எடுக்கிறார்கள். அது பக்கப் பலகையில் அடிபடும்போது கோயில் வாசலில் சிதறு தேங்காய் அடித்த மாதிரி இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவர் மோதினால் இந்தப் பக்கம் இருக்கிற நம் நெஞ்சில் அதிரும். ரிவியில் இது எதுவும் வராது.

பிறகுதான் வயதைக் கவனித்தேன். தலைக்கவசத்தோடு பார்த்தால் ஆறடி ஆம்பிளைகள். ஒரு சனிக்கிழமை காலை பலசரக்குக் கடையில் எங்கள் ஊர் அணியான ஒஷாவா ஜெனரல்ஸின் ஜாக்கெற்றோடு ஒரு பையன் வாழைப்பழச் சீப்புகளைப் புரட்டிக்கொண்டு நின்றான். முகத்தில் பரு. முதல் நாள் இரவு மூன்றாவது பகுதியில் கோல் போட்டவன் அவன்தான். மகள் என் கையை நசுக்கிவிட்டாள். நான் போய்க் கதைத்தேன். அவன் என்னைவிட மகளோடுதான் கூடக் கதைத்தான். எந்த வகுப்பு, சறுக்கத் தெரியுமா, எந்தப் பக்கம் மட்டை பிடிப்பாய் என்றெல்லாம் கேட்டான். திங்கட்கிழமை கணிதப் பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெனரல்ஸ் ஆடுகிற ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில் 20 அணிகள். 17 இந்த மாகாணத்தில், இரண்டு மிச்சிகனில், ஒன்று பென்சில்வேனியாவில். ஒவ்வொரு அணிக்கும் 68 ஆட்டம், செப்ரெம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. வசந்தத்தில் நடக்கும் தேர்வில் பதினைந்து வயதுப் பையன்களை அணிகள் எடுக்கும். பதினாறில் வீட்டைவிட்டுப் போய்விடுகிறார்கள். இருபது வயதுக்காரர் அணிக்கு மூன்று பேர்தான். விளையாடுகிற ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவு கிடைக்கும். இந்த லீக்கில் ஆடியவன் அமெரிக்கப் பல்கலைக்கழக அணியில் ஆட முடியாது என்ற தடையை நீக்கும் முடிவும் 2024 நவம்பரில் வந்தது. அந்த மாதம் முழுக்க எங்கள் வரிசையில் இருந்த பெற்றோர்கள் வேறு எதுவும் கதைக்கவில்லை.

எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு முதியவர். வாகனத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அணிக்கு ஜெனரல்ஸ் என்ற பெயர் வந்ததே ஜெனரல் மோட்டர்ஸ் பணம் கொடுத்ததால்தான் என்று முதல் நாளே சொல்லித் தந்தார். 1962இல் பதினான்கு வயது பொபி ஓர், பின்னாளில் பெரிய ஹொக்கி நட்சத்திரமானவர், பரி சவுண்ட் என்ற ஊரிலிருந்து இங்கே ஆட வந்த கதையை அவர் வாயால்தான் கேட்கவேண்டும். அந்தச் சின்ன வயதில் பிள்ளையை வேறு வீட்டில் விட அம்மாவுக்கு மனமில்லையாம். முதல் சீசன் முழுக்க ஆட்டத்துக்கு ஆட்டம் காரில் கொண்டுவந்து கூட்டிப் போயிருக்கிறார்கள். ஒரு பக்கம் மூன்று மணி நேரப் பயணம். "அதுதான் சரியான அம்மா" என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். லிண்ட்ரொஸ், தவாரெஸ் என்ற பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் இங்கே ஆடியவர்கள்தான். ஆனால் அவருக்கு மிகப் பிடித்தது அந்தனி சிரெல்லி. லீக் தேர்வில் எந்த அணியும் எடுக்காத பையன். கனடா ஜூனியர் லீக்குகளின் சாம்பியன் கிண்ணமான மெமோரியல் கிண்ணத்தின் 2015 இறுதி ஆட்டத்தில் ஜெனரல்ஸ் கெலோனா அணியை 2க்கு 1 என்று வென்றபோது இரண்டு கோலையும் போட்டது அவன். இரண்டாவது, மேலதிக நேரத்தில்.

எங்கள் சீசனின் முடிவு பலருக்குத் தெரிந்திருக்கும். 2024இல் லீக் இறுதிப் போட்டியில் லண்டன் நைற்ஸ் (இங்கிலாந்து லண்டன் இல்லை, ஒன்ராறியோ லண்டன்) எங்களை நான்கு ஆட்டத்துக்குப் பூச்சியம் என்று வீட்டுக்கு அனுப்பியது. 2025 மே மாதம் மறுபடியும் இறுதி, மறுபடியும் லண்டன். ஐந்தாவது ஆட்டத்தில் முடிந்துவிட்டது. அது லண்டனில் நடந்ததால் நாங்கள் வீட்டில் இருந்து பார்த்தோம். வரிசையாக நின்று கை கொடுப்பதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை. தொழில்முறை லீக்கான என்எச்எல்லில் ஆடும் அனாஹைம் அணி 2024 தேர்வில் மூன்றாவதாக எடுத்த பெக்கெற் செனெக் மாதிரியானவர்களுக்கு முன்னால் வழி இருக்கிறது. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு ஜூனியர் ஹொக்கி அன்றோடு சரி. அவர்களில் பெரும்பாலானவர்கள் இனி என்எச்எல் பக்கம் போகப் போவதில்லை. மகள் அன்று இரவு சாப்பிடவில்லை. லண்டன் பிறகு ரிமோஸ்கியில் மெமோரியல் கிண்ணத்தையும் எடுத்தது. நல்ல அணி, மறுக்க முடியாது.

உங்கள் ஊரில் எப்படி?


கோவில்பட்டிக்காரன்:

அண்ணா, நான் ஒன்ராறியோவின் சட்பரியில் ரெண்டு வருஷம் படிச்சேன். எங்க ஊர்ல ஹாக்கின்னா உயிர். வெயில்ல மண் தரையில மட்டை பிடிச்சுப் பழகினவன் நான். இங்கே வந்து ஹாக்கி என்றதும் நம்ம ஆட்டம்னு நினைச்சு ஒரு டிசம்பர் சாயங்காலம் நடந்தே அரங்கத்துக்குப் போனேன். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. டவுனுக்கு நடுவில் 1951இல் கட்டிய பழைய அரங்கம்.

அந்த ஊர் அணியான சட்பரி வுல்வ்ஸ் கோல் போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? கூரைக்குக் கீழே ஒரு கம்பியில் பாடம் செய்த நிஜ ஓநாய் ஒன்று சறுக்கி வரும். எதிரணி பெஞ்சைப் பார்த்து ஊளைச் சத்தம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஊர்க் கொடை நேரத்தில் சாமி புறப்பாடு பார்க்கிற மாதிரி மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது.

அன்றைக்குக் கரடி பொம்மை வீசும் நாள் என்று எனக்குத் தெரியாது. உள்ளூர் அணியின் முதல் கோல் விழுந்ததும் எல்லோரும் கொண்டுவந்த பொம்மைகளைப் பனிக்கட்டி மேல் எறிவார்கள். அதைப் பொறுக்கிக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். கால்கரியில் 2015இல் ஒரே ஆட்டத்தில் 28,815 பொம்மைகள் விழுந்தனவாம். என் கையில் ஒன்றுமில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி தன்னிடம் இருந்த இரண்டில் ஒன்றை என் மடியில் வைத்தார். இதை எறி என்று கையால் காட்டினார். எறிந்தேன். ஆட்டக்காரர்களே குனிந்து குனிந்து பொம்மைகளை அள்ளி வண்டியில் போட்டார்கள். அதில் ஒருத்தன் சின்னக் கரடி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே ரொம்ப நேரம் சுற்றினான்.

எங்கள் ஊர் விளையாட்டு விடுதியில் பதினாலு பதினைந்து வயதுப் பையன்கள் வீட்டை விட்டு வந்து தங்கி ஹாக்கி பழகுவார்கள். காலை அஞ்சு மணிக்கு மைதானம், அப்புறம் பள்ளிக்கூடம், மறுபடி மைதானம். ஞாயிற்றுக்கிழமை யாராவது அம்மா தூக்குச்சட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். சட்பரியில் அந்தப் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த விடுதி வாசல்தான் ஞாபகம். படிப்பு முடிகிற வரை அந்தச் சீசனில் ஒன்பது ஆட்டம் பார்த்தேன். சாப்பாட்டுக் காசில் மிச்சம் பிடித்துத்தான்.


வன்னியாள்:

தம்பி, தூக்குச்சட்டி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் ஒரு பையனை எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். பில்லெற் குடும்பம் என்று சொல்வார்கள். தூர ஊர்ப் பிள்ளைகளுக்கு அணி ஒரு வீடு பார்த்துக் கொடுக்கும், சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் ஏதோ தரும். மூத்த மகன் படிக்க மொன்றியல் போனபிறகு ஒரு அறை சும்மா கிடந்தது. வேலையிடத்தில் ஒரு சிநேகிதி கேட்டாள். கணவருக்கு யோசனை, நான்தான் ஓம் என்றேன். எந்த ஊர், எந்த அணி என்று எழுதவில்லை, பிள்ளையின் விடயம்.

ஓகஸ்ட் கடைசியில் தாயும் தகப்பனும் கொண்டுவந்து விட்டார்கள். பதினாறு முடிந்து இரண்டு மாதம். தாய் குசினியில் என்னோடு நின்று அவன் என்ன சாப்பிடுவான், எதற்கு வயிறு ஏலாது என்று தாளில் எழுதித் தந்தா. எழுதிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டா. நான் இந்த நாட்டுக்கு வந்தபோது என் அம்மா கொழும்பில் வழியனுப்பிய கோலம் அப்படியே இருந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து நின்றோம்.

ஆட்ட நாள் என்றால் வீட்டில் ஒரு ஒழுங்கு. பகல் சோறோ பாஸ்தாவோ கோழியோடு, பிறகு ஒன்றரை மணி நேரம் நித்திரை. அந்த நேரம் வீட்டில் ஒருவரும் மிக்சி போடக்கூடாது. நான்கு மணிக்குக் கோட்டும் ரையும் கட்டி இறங்குவான். கார்த்திகை மாதம் அளவில் இடியப்பமும் சொதியும் கேட்டு வாங்கிச் சாப்பிடத் தொடங்கினான். "அன்ரி, வெள்ளைக் குழம்பு இருக்கா" என்று ஆங்கிலத்தில் கேட்பான். சம்பல் மட்டும் கடைசி வரை சரிவரவில்லை.

ஜனவரி கெட்ட மாதம். பன்னிரண்டு ஆட்டத்தில் கோல் இல்லை, இரண்டு தரம் வெளியே இருத்திவிட்டார்கள். இரவு வந்து சாப்பிடாமல் அறைக்குப் போய்விடுவான். ஒரு நாள் கதவைத் தட்டித் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். நிலத்தில் இருந்து மட்டைக்குக் கறுப்பு ரேப் சுற்றிக்கொண்டிருந்தான். நானும் நிலத்தில் இருந்தேன். ஒன்றும் கதைக்கவில்லை. சுற்றினதைக் கழற்றித் திரும்பச் சுற்றினான், மூன்று தரம். பிறகு தன் தங்கச்சியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். பதினொன்றரை மணி வரைக்கும் சொன்னான்.

அதற்கு அடுத்த வருடம் அவனை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். செய்தி வந்தது காலை பத்து மணிக்கு. பின்னேரம் பை கட்டிப் புறப்பட்டாயிற்று. பிள்ளைகளை இப்படி மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை, இன்றைக்கும் இல்லை. நடுப் படிப்பில் பள்ளிக்கூடம் மாறவேண்டும், சிநேகிதர் மாறவேண்டும். பதினெட்டு வயதாகாத பிள்ளைக்கு இது அதிகம். லீக் நடத்துகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். ஒரு மட்டையை வாசலில் சாத்திவிட்டுப் போனான். அது அங்கேயே நிற்கிறது.


பஸ் ஓட்டி:

வன்னியாள் அக்கா, வாசலில் மட்டை என்று நீங்கள் எழுதியது எனக்கு வேறு ஒன்றை நினைவுபடுத்திவிட்டது.

நான் வாடகைப் பஸ் ஓட்டுகிறேன். குளிர்காலத்தில் ஜூனியர் அணிகளின் ஓட்டம்தான் எனக்குக் கூட. பயிற்சியாளர்கள் முன்னுக்கு, புதுப் பையன்கள் அவர்களுக்குப் பின்னால், மூத்தவர்கள் கடைசியில். வென்ற இரவு பாட்டும் கூத்தும். தோற்ற இரவு நூறு கிலோமீற்றருக்கு ஒரு சத்தம் இருக்காது. ஆனால் இறங்கும்போது ஒவ்வொருவனும் எனக்கு நன்றி சொல்லித்தான் இறங்குவான், விடியப்புறம் மூன்று மணி என்றாலும்.

2018 ஏப்ரல் 6. சஸ்கச்சுவான் மாகாணத்தில் ஹம்போல்ட் புரோன்கோஸ் என்ற ஜூனியர் அணி பிளேஓஃப் ஆட்டத்துக்காக நிப்பாவின் என்ற ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சந்தியில் நிறுத்தாமல் வந்த ட்ரக்கோடு பஸ் மோதியது. பஸ்ஸில் 29 பேர். 16 பேர் இறந்தார்கள், அதில் ஓட்டுநரும் ஒருவர். மற்றப் 13 பேருக்கும் காயம். கனடா முழுக்க வீட்டு வாசல்களில் ஹொக்கி மட்டைகளை வைத்தார்கள். எங்கள் தெருவிலும் வைத்தார்கள், ஹொக்கி பார்க்காத வீடுகளிலும். இறந்த பையன்களில் லோகன் பூலே சில வாரங்களுக்கு முன்புதான் உறுப்புத் தானத்துக்குப் பதிந்திருந்தான். ஆறு பேருக்கு அவனுடைய உறுப்புகள் போயின. நான் அந்தக் கிழமையே பதிந்தேன். என் மனைவியும்.

அந்த வருட இலையுதிர்காலத்தில் முதல் ஓட்டம். நான் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தாய் காரை விட்டிறங்கி வந்து என்னோடு சேர்ந்து பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றினா. ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்தா. பிறகு ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பி ஒன்றை என் கையில் தந்துவிட்டு, மகனைப் பார்க்காமலே காருக்குப் போய்விட்டா. எனக்கும் அந்த வயதில் ஒரு மகன் இருக்கிறான் என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை.

அன்றிலிருந்து எல்லாரும் பட்டி போட்ட பிறகுதான் கியர் போடுவேன். முதலில் பையன்கள் முணுமுணுத்தார்கள். இப்போது கடைசி வரிசையில் இருக்கிற மூத்தவன் எழும்பி நின்று புதியவர்களைப் பார்த்து, போட்டாச்சா என்று கேட்பான். போட்டாச்சு என்று எனக்குக் கை காட்டிவிட்டுத்தான் தான் இருப்பான். சந்திகளில் எனக்குப் பச்சை இருந்தாலும் இரண்டு பக்கமும் பார்க்காமல் போவதில்லை. நேரம் பிந்துகிறது என்று ஒரு பயிற்சியாளரும் இதுவரை சொன்னதில்லை.

ஒஷாவா அண்ணை, நீங்கள் சொன்ன அந்த முதியவரை ஒருநாள் நேரில் பார்க்க விருப்பம். நாளைக்கு நோர்த் பே ஓட்டம், நெடுஞ்சாலை 11இல் பனி கொட்டுமாம். நான்கரைக்குக் கராஜில் நிற்கவேண்டும். திரும்பி வந்து மற்றவர்கள் எழுதியதை வாசிக்கிறேன்.