ஜெனரேட்டருக்கும் கம்ப்ரசருக்கும் சர்வீஸ்: மாதக் கணக்கா, மணிக் கணக்கா?

லேத் பட்டறை (கேள்வி):

கோவையில் ஒரு சிறிய லேத் பட்டறை நடத்தி வருகிறேன். 62.5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஒன்றும், இரண்டு ஷிப்டும் ஓடும், காற்றை அழுத்தித் தரும் ஸ்க்ரூ கம்ப்ரசர் ஒன்றும் இருக்கின்றன. 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஜெனரேட்டர் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடியதால், 250 மணிக்கு ஒருமுறை என்ற கணக்குப்படி மாதந்தோறும் ஆயில் மாற்றினோம். கடந்த ஆறு மாதத்திலோ, ஓடிய மணியை எண்ணும் ஹவர் மீட்டர் நகர்ந்தது வெறும் 18 மணிதான். ஆயினும் கையேட்டில் உள்ள ‘250 மணி அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அது’ என்ற வரியைக் காட்டி, 12 லிட்டர் ஆயிலையும் மாற்றச் சொல்கிறார்கள் சர்வீஸ்காரர்கள். டிப் ஸ்டிக்கில் பார்த்தால் ஆயில் புதிது போலவே இருக்கிறது. கம்ப்ரசரின் கதை நேர்மாறானது: ஒப்பந்தப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார்கள், அதற்குள் அது 1,200 மணி ஓடிவிடுகிறது, ஏர் பில்டரோ இரண்டாம் மாதமே அடைத்துக்கொள்கிறது. எதற்கு எந்தக் கணக்கை வைத்துக்கொள்வது?

டீசல் மேஸ்திரி:

ஐயா, ஜெனரேட்டரைப் பொறுத்தவரை அந்த வரியை மீறாதீர்கள். டீசல் எஞ்சினில் ஆயிலின் நிறம் எதையும் சொல்லாது. மாற்றிய மறுநாளே கறுத்துப்போன ஆயிலும் நல்ல ஆயிலாக இருக்கலாம். பத்து நிமிடம் ஓடி நிற்கும் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதேயில்லை என்பதால், உள்ளே படியும் ஈரம் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலோடு கலந்து, எரிபொருளின் கழிவோடு சேர்ந்து அமிலமாகி பேரிங்குகளை அரிக்கத் தொடங்குகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். மோர் நுரை போல வெள்ளையாகப் படிந்திருந்தால் அது தண்ணீர்தான். பேட்டரி, ரப்பர் ஹோஸ், பேன் பெல்ட், கூலன்ட் ஆகியவை ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலத்தால் கெடுபவை. டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீரையும் அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

இன்னொன்று: ‘வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறோம்’ என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். மின்சாரம் எடுக்கும் இயந்திரம் எதையும் இணைக்காமல், அதாவது சுமையே இல்லாமல் ஓட்டுவது நன்மையைவிடக் கேட்டையே அதிகம் செய்யும். எரியாத டீசல் சைலன்சரில் பிசுபிசுவென்று கருப்பாக ஒழுகும். மாதம் ஒருமுறை, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத சுமையோடு அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

பஞ்சாலை பராமரிப்பு:

கம்ப்ரசருக்கு மணிக் கணக்குதான் சரி, ஆனால் எந்த மணி என்று பாருங்கள். கண்ட்ரோலர் திரையில் மொத்தமாக ஓடிய மணியும், சுமையோடு, அதாவது காற்றை அழுத்தியபடி ஓடிய மணியும் பெரும்பாலும் தனித்தனியே இருக்கும். ஏர் பில்டருக்கு இரண்டுமே பொருந்தா. உங்கள் பட்டறையில் கிரைண்டிங் தூசு எவ்வளவு என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதால், அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டரைப் பார்த்து மாற்றுங்கள். ஆயிலுக்கு வெப்பமும் கணக்கில் சேரும்; பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் வழங்கும் தோராய விதி. சித்திரை வெயிலில் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் தூசடைந்து கிடந்தால், கையேட்டில் உள்ள மணி வரை ஆயில் தாங்காது.

மணிக் கணக்கில் உள்ள சிக்கல், அது எந்தத் தேதியில் வரும் என்று தெரியாததே. நாங்கள் திங்கள்தோறும் மீட்டரைக் குறித்து, வாரச் சராசரியைக் கொண்டு அடுத்த சர்வீஸ் தேதியைச் சுவர் நாள்காட்டியில் எழுதிவிடுவோம். ஒப்பந்தத்தையும் மணிக்கு மாற்றிக் கேளுங்கள்.

ஹேங்கர் ஓய்வாளர்:

விமானப் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் ஒரு சொல். பயன்பாடு என்றாலே மணி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1988 ஏப்ரலில் ஹவாய்த் தீவுகளிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் மேற்கூரை நடுவானில் பிய்ந்துபோனது. அது பறந்திருந்தது 35,496 மணி. ஏறி இறங்கியதோ 89,680 முறை. சராசரியாக 24 நிமிடப் பயணம். ஒவ்வொரு முறையும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கியதில் விரிசல் வளர்ந்தது. உப்புக் காற்றும் தன் பங்குக்கு அரித்திருந்தது. உங்கள் ஜெனரேட்டரும் அந்த 18 மணிக்குள் எத்தனை முறை ஸ்டார்ட் ஆனது என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அந்த எண்ணிக்கைதான் வயது.

லேத் பட்டறை:

அனைவருக்கும் நன்றி. மூடியைத் திறந்தேன், மேஸ்திரி சொன்ன நுரை இருந்தது, ஆயிலை மாற்றிவிட்டேன். ஆறு மாதத்தில் வாங்கிய டீசலையும் கூட்டிப் பார்த்தேன்: 300 லிட்டர். எங்கள் சுமைக்கு மணிக்குச் சுமார் 8 லிட்டர் என்றால் 37 மணி ஓடியிருக்க வேண்டும். மீட்டருக்குப் பின்னால் ஒரு வயர் தளர்ந்து, விட்டு விட்டுத்தான் எண்ணியிருக்கிறது. பழைய லாக் புக் எண்களில் எதிலிருந்து நம்பலாம் என்று இப்போது டீசல் பில்களை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.