தீர்மான நோட்டு யார் வீட்டில் இருக்கிறது?

பொறுப்பில் இருப்பவர்கள் ஊர்ச் சொத்தைச் சொந்த வீடு மாதிரி நடத்துவதைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம், கண்ணால் பார்த்தது போதும். முதலில் என்னுடையது.

2022 அக்டோபர் 2, எங்கள் ஊராட்சியில் கிராம சபை. மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம். மூவாயிரத்தைத் தாண்டிய ஊராட்சி என்றால் 200 பேராவது வந்திருக்க வேண்டும் என்பது விதி. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் எண்ணிப் பார்த்தேன், அறுபது பேர் தேறவில்லை. நோட்டில் மட்டும் 200-க்கு மேல் கையெழுத்து. எப்படி என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, அதில் ஒன்று என் அம்மாவுடையது. இரண்டு நாள் முன்பே நூறு நாள் வேலை நடந்த ஏரிக்கரைக்கு நோட்டு போயிருக்கிறது. போடாவிட்டால் அடுத்த வாரம் வேலை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

நோட்டை வாங்கிப் புரட்டினேன். மேலே தேதி, ‘கிராம சபைக் கூட்டம்’ என்று தலைப்பு. அதற்குக் கீழே ஏழெட்டுப் பக்கம் வெறும் கோடு போட்ட தாள். அப்புறம் கையெழுத்துகள். நீலம், கறுப்பு, இடையிடையே ஊதா மையில் கைநாட்டு. அம்மா பெயரின் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. எப்போதும் அப்படித்தான் எழுதுவார். அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

“தீர்மானம் எங்கேண்ணே?” என்று கேட்டேன். தலைவர் நோட்டை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். “என்ன தம்பி, எங்க வீட்டு மொய் நோட்டைக் கணக்குக் கேக்குற மாதிரி கேக்குற? சாயங்காலம் வீட்டுல வச்சு எழுதிக்குவோம்.”

அவர் மிரட்டவில்லை. நிஜமாகவே அது தன் வீட்டு நோட்டு என்றுதான் நம்பினார். பணம் எடுப்பதைவிட இந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருந்தது. எடுக்கிறவனுக்கு உள்ளூர ஒரு கூச்சமாவது இருக்கும்.

மறுநாளே பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தத் தீர்மானங்களின் நகல் கேட்டு எழுதினேன். 30 நாளில் தர வேண்டும். ஐம்பது நாள் ஆனது, ஒரு மேல்முறையீடும் போட வேண்டியிருந்தது. வந்த நகலில் 14 தீர்மானங்கள். ஒன்றில், எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்றுக்குப் புது மோட்டார் போட்ட செலவுக்கு மக்கள் ஒப்புதல் அளித்ததாக இருந்தது. அந்தக் கிணற்றுக்கு மோட்டாரே கிடையாது. குழாயின் வாயைச் சாக்கால் கட்டி வைத்திருந்தார்கள்.

ஜனவரி 26 கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்தேன். அடிக்கவும் வரவில்லை, கைதட்டவும் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் மட்டும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் மோட்டார் வந்தது. அம்மா இப்போது, “படிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறேன்” என்கிறார்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

நான் வேலை பார்த்த தொடக்கப் பள்ளியின் இன்னொரு சாவி ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் இருந்தது. அவருடைய தாத்தா கொடுத்த இடமாம். ஒரு தை மாதம் போய்ப் பார்த்தால் வகுப்பறை முழுக்க நெல் மூட்டை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு நாள் தாழ்வாரத்தில் வெயிலுக்கு நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தின் நகல் வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் தாத்தாவே ‘எனக்கும் என் வாரிசுகளுக்கும் இதில் எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு முறை படித்தார். சாயங்காலம் மூட்டைகள் போய்விட்டன. அந்தத் தாத்தாவை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

மறுமொழி: முன்னாள் ஊராட்சித் தலைவர்

தம்பி, நோட்டு எங்கள் வீட்டிலும்தான் இருந்தது. நான் அந்தப் பக்கத்தில் இருந்தவள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2020 ஜனவரி 6-இல் பதவியேற்றேன். அன்றிலிருந்தே ஊர் என் வீட்டுக்காரரைத்தான் ‘தலைவரே’ என்று கூப்பிட்டது. முத்திரை அவர் பையில். கணினியில் செருகிப் பணம் விடுவிக்கிற டோங்கிள் அவர் வண்டிப் பெட்டியில். காசோலை அடுப்படிக்கு வரும், ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். எதற்கு என்று கேட்டால் “உனக்கெதுக்கு அந்தத் தலைவலி?” பாசமாகத்தான் சொல்வார். அதனாலேயே எதிர்த்துப் பேச வாய் வராது.

அந்த வருஷம் ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்துச் செய்தியைப் படித்தேன். தலைவர் அமிர்தம் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதால் சுதந்திர தினத்தில் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு, மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து நின்று அவரை ஏற்ற வைத்தார். அவர் பட்டது வேறு, என் நிலை வேறு, இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் அந்த அம்மா அடுத்தவர்களிடம் போராடி வாங்கியதை, நான் யாரும் தடுக்காமலே வீட்டுக்காரர் கையில் கொடுத்திருந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

2021 ஜனவரி 26 காலையில் வீட்டுக்காரர் வழக்கம்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கம்பத்தருகே நின்றார். “கயித்தைக் குடுங்க, நான் ஏத்துறேன்” என்றேன். முடிச்சு இறுகியிருந்தது, அவிழவில்லை. கை நடுங்கியது. செயலர் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே அவிழ்த்தேன். வீட்டில் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை அவர். சரி என்று தினமும் பத்து மணிக்கு அலுவலகம் போக ஆரம்பித்தேன். முத்திரையும் டோங்கிளும் ஒவ்வொன்றாக என் மேசைக்கு வந்தன. நோட்டுதான் கடைசியில் வந்தது.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. முத்திரை, டோங்கிள், காசோலைப் புத்தகம், ஐந்து வருஷத் தீர்மான நோட்டுகள் எல்லாவற்றையும் மேசையில் எண்ணி வைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினேன். அந்தச் சீட்டு மட்டும்தான் இன்றைக்கு என் வீட்டில் இருக்கிறது.