வேலூர் ராணிப்பேட்டை பக்கம் தெருக்கூத்து எங்க நடக்குதுன்னு எப்படி தெரிஞ்சிக்கிறது?

ஷூகம்பெனி_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். ராணிப்பேட்டைல வேல பாக்குறேன். அணைக்கட்டு பக்கம் அத்த ஊர்ல பாரதம் (கோயில் திருவிழால மகாபாரத கூத்து) வச்சாங்கன்னு போனேன், சாப்ட்டு கெளம்பிடலாம்னு தான் நெனச்சேன், விடியற வரைக்கும் எழுந்திரிக்கவே முடில. அன்னிக்கு கர்ண மோட்சம். கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவி வேஷம் கட்ன அண்ணன், கர்ணன் போருக்கு போறப்ப மடக்கி மடக்கி பாடுனாரு பாருங்க, அது இன்னும் காதுலயே கீது. யூட்யூப்ல தேடி பாக்குறேன், அந்த சத்தம் இதுல வரல. ரெகுலரா போறவங்க இங்க இருந்தா சொல்லுங்க, எந்த ஊர்ல எப்போன்னு எப்படி தெரியுது, வேலைக்கும் போயினு இத எப்படி சமாளிக்கிறீங்க, பொம்பள புள்ள தனியா போலாமா? வீட்ல வேற "அப்படி இன்னா கீது அதுல"ன்னு கேக்குறாங்க.

ஆரணிரோடு_கூத்துபைத்தியம்:
தங்கச்சி, இதுக்குன்னு ஆப்லாம் கெடையாதும்மா, கண்ண தொறந்து வச்சிகினு பஸ்ல போனா போதும். பங்குனில ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் சீசன். திரௌபதி அம்மன் கோயில் இருக்குற ஊர்ல அக்கினி வசந்த விழான்னு செவுத்துல போஸ்டர் ஒட்டியிருப்பான், அதுலயே எந்த ராத்திரி இன்னா கூத்துன்னு வரிசையா போட்ருப்பான், வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கடைசில பதினெட்டாம் போர். போட்டோ எடுத்து வச்சிக்க. எல்லா ஊர்லயும் வருஷா வருஷம் வைக்க மாட்டாங்க, ஊர்ல வரி வசூல் ஆவணும், அதனால போன வருஷம் நடந்துச்சேன்னு நம்பி போயிடாத. மத்தியானத்துல பாரத பிரசங்கம் இருக்கும், வில்லிபாரத பாட்ட சொல்லி சொல்லி வெளக்குவாரு, அத ஒரு வாட்டி கேட்டுட்டு ராத்திரி கூத்து பாரு, கத இன்னும் நல்லா புடிபடும்.

வேலய பத்தி கேட்டியே, எல்லா ராத்திரியும் போனா ஒடம்பு தாங்காது. தபசு, கர்ண மோட்சம், துரியோதனன் சாவுற படுகளம், இந்த மூனுக்கு லீவு எடுப்பேன், மத்ததுக்கு சனிக்கெழம வந்தா தான். தபசு அன்னிக்கு நடுவுல நட்ட பனமரத்துல அர்ச்சுனன் வேஷக்காரரு ஒவ்வொரு படியா பாடிகினே ஏறுவாரு, கீழ புள்ள இல்லாத பொம்பளைங்க ஈரப்பொடவயோட மடி ஏந்தினு இருப்பாங்க, மேல இருந்து எலுமிச்சம்பழம் வுழும். அத செல்லுல பாத்தா ஒன்னும் தெரியாது.

அப்புறம் சீக்கிரமா போ. வேஷம் கட்டறதுக்கு முன்னாடி நடக்கறது தான் எனக்கு புடிக்கும், கல்யாண முருங்க மரத்துல செஞ்ச புஜக்கட்டய ஒருத்தர் தோள்ல வச்சி கயித்த இறுக்குவாரு, இன்னொருத்தர் மூஞ்சில அரிதாரம் பூசினே வாய்க்குள்ள திரைக்கு பின்னாடி நின்னு பாடுற திரைப்பாட்ட முணுமுணுப்பாரு. அப்பறம் களரி கட்டி, அதான் கூத்து தொடங்குற வாசிப்பு, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம் எல்லாம் ஒன்னா எழும்பும், அங்கயே பாதி காசு வசூல் (காசே கேக்க மாட்டாங்க, அது வேற விஷயம்). முகவீணை (சின்ன நாயனம் மாதிரி ஊதுறது) இருக்குற ஜமாவா, அதான் கூத்து கட்டுற குழுவா இருந்தா உடாத. இப்போ நெறைய பேரு கீபோர்டு வச்சிட்டாங்க, அதுல அந்த ஊசி மாதிரி ஏறுற சத்தம் வருமா சொல்லு, எனக்கு கீபோர்ட பாத்தாலே எழுந்து போயிடலாம்னு இருக்கும்.

சேத்துப்பட்டு_தாளம்:
அண்ணன் சொல்றதுல ஒன்னு மட்டும் ஒத்துக்க மாட்டேன். கீபோர்டு வச்சா தான் சின்ன பசங்க உக்காருறான், ஜமாக்கும் பொழப்பு ஓடணும்ல. எனக்கு கோவம் மைக் மேல தான், எக்கோ வச்சி காத கிழிக்குறாங்க, பின்பாட்டு பாடறவங்க குரலே கேக்கல. ஸ்பீக்கர் பக்கத்துல மட்டும் உக்காராத.

இன்னொரு வழி கீது. கருமாதிக்கு எங்க பக்கம் கர்ண மோட்சம் வைப்பாங்க, அதனால பாரதம் இல்லாத மாசத்துலயும் கூத்து கெடைக்கும். செய்யாறு பக்கம் புரிசை போய்ட்டு வா, 2025ல பத்மஸ்ரீ வாங்குன கண்ணப்ப சம்பந்தன் ஐயா ஊரு அது தான், அஞ்சாறு தலமொறயா கூத்து கட்டுற குடும்பம்.

குடியாத்தம்_அக்கா:
பொம்பள போலாமான்னு கேட்டியே, யாரும் அதுக்கு பதில் சொல்லல பாரு, ஆம்பளைங்களுக்கு முகவீணை தான் முக்கியம். போலாம் கண்ணு. முன்வரிசைல பாய் போட்டு ஆயாங்க உக்காந்து இருப்பாங்க, நேரா அங்க போய் "ஆயா கொஞ்சம் நகருங்க"ன்னு சொல்லி உக்காந்துக்க, ஒரு கைப்புடி வெத்தல பாக்கு எடுத்துனு போனா கடைசி வரைக்கும் உன்ன பத்திரமா பாத்துப்பாங்க, எந்த வேஷம் இன்னான்னும் அவங்களே சொல்லுவாங்க. போர்வ எடுத்துக்க, விடிகாலைல தேவப்படும். நடுராத்திரில திரும்பணும்னு மட்டும் நெனைக்காத, மொத பஸ் வர்ற வரைக்கும் அங்கயே இரு. நான் கல்யாணம் ஆன புதுசுல மாமியார் கூட போக ஆரம்பிச்சவ, இப்போ அவங்களால நடக்க முடில, நான் வந்து பாடி காட்டணும், ஒரு அடி தப்புனாலும் திட்டுவாங்க.

வைகாசி 1 எங்க ஊரு கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கும் வா, அது கூத்து இல்ல, ஆனா பம்பை சத்தம் கேட்டா நீ வீட்டுக்கு போக மாட்ட.

ஷூகம்பெனி_பொண்ணு:
அக்கா ரொம்ப தேங்க்ஸ், ஆயா ஐடியா சூப்பர். சேத்துப்பட்டு அண்ணா, கருமாதி வீட்டுக்கு தெரியாதவங்க போனா ஒன்னும் சொல்ல மாட்டாங்களா?

சேத்துப்பட்டு_தாளம்:
கூத்து பாக்க வந்தவங்கள யாரும் வெரட்ட மாட்டாங்கம்மா, டீ கூட குடுப்பாங்க. நம்பர தனி மெசேஜ்ல அனுப்பு, வாட்ஸப் குரூப்ல சேத்து உடறேன், போஸ்டர் போட்டோ மட்டும் தான் போடணும், குட் மார்னிங் பூவெல்லாம் அனுப்புனா அட்மின் தூக்கிடுவாரு.